ஆட்டரங்கக் கழிப்பறை எண் 47

வெரோதா ஹசுகாவா கால்பந்துக் கழகம் தன் பெயரின் முதல் பாதி இத்தாலியச் சொல் என்று சொல்லிக்கொள்ளும். ஹசுகாவாவில் பாலாடைக்கட்டி விற்க வந்த ஓர் இத்தாலியர், அப்படி ஒரு சொல் தங்கள் மொழியில் கிடையவே கிடையாது என்றார். கழகம் அவரைக் கூப்பிட்டு மைதானத்தின் நடுவில் நிறுத்தி, கழுத்தில் கழகத்தின் துண்டைப் போட்டுக் கௌரவித்து, ‘உலகோடு உறவு’ என்ற தலைப்பில் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது. அவர்களை எதிர்ப்பது அவ்வளவு சிரமமான வேலை. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் அதையும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் பிரிவில் இருபது அணிகள். அதில் வெரோதா பதினைந்தாவது. ஊரில் விளைவது தாமரைக்கிழங்கு என்பதால் கழகத்தின் செல்லப்பொம்மையும் தாமரைக்கிழங்குதான், ஆள் உயரத்துக்கு, உள்ளே ஒருவர் புகுந்து நடமாடும்படி, உடம்பில் ஒன்பது ஓட்டைகளோடு. அணியின் தடுப்பு வரிசையைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று வெளியூர் ரசிகர்கள் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுத் தலைகுனிந்து, வழிகாட்டிவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட கழகத்தின் தலைவர் அரிமோத்தோவுக்கு இரண்டாம் பிரிவுக்குப் போக ஆசை வந்தது. அதற்கு நன்றாக விளையாட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மைப் போன்ற பாமரர்கள். முதலில் வேண்டியது லைசென்ஸ். லைசென்ஸுக்கு வேண்டியது கழிப்பறை. விதிப்படி அறுபது வேண்டும். மைதானத்தில் இருந்தவை நாற்பத்தாறு. நகராட்சியில் இதற்காகவே ஒரு குழு போட்டு, ஏழு மாதம் கூடி, தேநீர் குடித்து, கடைசியில் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மைதானத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் வரிசையாகப் பதினாலு வீடுகள் இருந்தன.

முதல் வீடு முகாயாமா தெத்சுரோவினுடையது.

முகாயாமாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக ஆபத்தைப் பார்த்தால் அந்த பிரேக்கை மிதித்தே பழகியவர். வாயைத் திறந்து “நிறுத்து” என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. வீட்டில் அப்படி ஒரு பிரேக் இல்லாதது பற்றி அந்த பிப்ரவரி வரை அவர் யோசித்ததும் இல்லை.

அந்த பிப்ரவரியில் அவர் மனைவி ஃபுமியே குடலில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். முகாயாமா தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் தெருச் சங்கத்தின் சுற்றுப் பலகை வந்தது. இது வீடு வீடாகக் கைமாறும் அட்டைப் பலகை. அறிவிப்பைப் படித்து, படித்ததற்கு அடையாளமாக உங்கள் முத்திரையை வைத்து, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நினைப்பார். அதற்குப் பயந்தே ஜப்பானில் பாதி வேலைகள் நேரத்துக்கு நடக்கின்றன.

முதல் அறிவிப்பு, குப்பை மூட்டைகளைக் காக்கை கிளறாமல் வலை போடுவது பற்றி. இரண்டாவது, தீயணைப்புப் பயிற்சி. மூன்றாவதைப் படிக்கும்போது அடுப்பில் மீன் தீய்ந்தது. நாலாவதற்குத் தலைப்பு, ‘ஆட்ட நாட்களில் இல்ல வசதிகள் தொடர்பான ஒத்துழைப்பு’. முகாயாமா முத்திரையை வைத்துவிட்டு அடுப்புக்கு ஓடினார். மற்ற பதின்மூன்று வீடுகளிலும் ஏதோ ஒன்று அடுப்பில் இருந்திருக்க வேண்டும். பதினாலு முத்திரைகளும் மறுநாளே நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில், கழகத்தின் ஊர் உறவுத் துறையைச் சேர்ந்த தோகாஷி என்பவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் இனிப்புப் பெட்டி. கக்கத்தில் ஒரு பலகை. அதில் நீல எழுத்தில் ‘ஆட்டரங்கக் கழிப்பறை எண் 47’ என்று எழுதியிருந்தது.

“முகாயாமா சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல,” என்று இடுப்புவரை குனிந்தார்.

“எதுக்குங்க?”

“ஒரு வீடுகூட மறுக்கல சார். பதினாலுக்குப் பதினாலு! எங்க தலைவர் அந்தச் சுற்றுப் பலகையைப் பாத்துட்டு அழுதுட்டாரு.”

பலகையில் வைத்த முத்திரையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்ற விஷயம் புரிய முகாயாமாவுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பலகையை மாட்ட தோகாஷி வாசலில் ஆணி அடித்து முடித்திருந்தார்.

“அது வந்து, தோகாஷி... என் வீட்டுக்காரிக்கு உடம்பு கொஞ்சம்... குடல்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. வந்துடுச்சுன்னா அஞ்சு நிமிஷம் தாங்காது. அடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதனால...”

தோகாஷியின் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து முழுவதையும் எழுதிக்கொண்டார்.

“இவ்வளவு கஷ்டத்துலயும் குடுத்திருக்கீங்களே சார்! இதை நான் கண்டிப்பா மேல சொல்றேன்.”

மேலே சொன்னார் போல. அடுத்த வாரமே கழகத்தின் இணையப் பக்கத்தில் ‘வலியிலும் வாசல் திறந்த தம்பதி’ என்று ஒரு கட்டுரை வந்தது. ஃபுமியேவின் குடலைப் பற்றி ஊரில் தெரியாதிருந்தவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தன்று கழிப்பறைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. செருப்பை வாசலில் நுனி வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார்கள். “தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்று உள்ளே வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை குனிந்தார்கள். வெளியூர் ரசிகர்கள் தங்கள் ஊர்த் தின்பண்டங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் கழிப்பறையில் எரியாமல் கிடந்த விளக்கைக் கழற்றி மாற்றிவிட்டே போனார். சண்டை போடலாம் என்றால் அதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. முகாயாமா நடுக்கூடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் குனிந்து குனிந்து கழுத்து வலி வாங்கிக்கொண்டார். ஃபுமியே காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், மாடி அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முடியக் காத்திருந்தாள். ஒரு தடவை தப்பிக்க நினைத்து நகர நூலகத்துக்குப் போனாள். ஆட்ட நாட்களில் நூலகம் மூடல். ஊழியர்கள் அத்தனை பேரும் மைதானத்தில் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் லைசென்ஸ் ஆய்வாளர் வந்தார். அறுபதையும் நடந்து எண்ணினார். 47-ஆம் எண்ணில் உட்கார்ந்தும் பார்த்தார். எல்லாம் சரி, ஆனால் விதிப்படி கழிப்பறைகள் அரங்கத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், இந்தப் பதினாலும் வெளியே அல்லவா இருக்கின்றன என்றார். வேறு ஊராக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நகராட்சிக் குழு ஒரே நாளில் கூடி, ஆட்ட நாட்களில் மைதானத்தின் நுழைவாயிலைத் தூக்கிச் சந்தின் முனையில் வைப்பது என்று முடிவு செய்தது. பதினாலு வீடுகளும் அரங்கத்துக்கு உள்ளே வந்துவிட்டன. வீடு அங்கேயேதான் இருந்தது, அரங்கம்தான் அதைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை முகாயாமா வேலை முடிந்து கடைக்குப் போய்ச் சாமான்கள் வாங்கிக்கொண்டு வந்தார். சந்து முனையில், மஞ்சள் மேல்சட்டை போட்ட நகுமோ அம்மா நின்றிருந்தார். அவர் பக்கத்து வீடு; 48-ஆம் எண்.

“டிக்கெட் காட்டுங்க முகாயாமா சார்.”

“நகுமோ அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்.”

“தெரியுதுங்க. எங்க வீட்டுக்காரர்கூட டிக்கெட் காட்டிட்டுத்தான் போனாரு. ஊர் உறவுப் பாஸ் குடுத்திருப்பாங்களே, கழுத்துல மாட்டிக்கிறது?”

பாஸைத் தேடி எடுத்துக் காட்டினார். அடுத்து பை சோதனை. அரங்கத்துக்குள் கண்ணாடிப் புட்டிக்கும் டப்பாவுக்கும் அனுமதி இல்லை, காகிதக் கோப்பையில்தான் ஊற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள விதி. நகுமோ அம்மா முகாயாமாவின் பீரைக் காகிதக் கோப்பையில் ஊற்றினார். பிறகு சோயா சாஸ் புட்டியை எடுத்து மூன்று கோப்பைகளில் ஊற்றினார். சமையல் எண்ணெய் ஐந்து கோப்பைகள் பிடித்தது.

“அக்கா, இது எண்ணெய். இதை யாரு மேல வீசப் போறேன்?”

“நீங்க வீச மாட்டீங்க சார். ஆனா உங்களை விட்டா எல்லாரையும் விடணும்ல?” என்றார் நகுமோ அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “என் வினிகரையும் நானேதான் ஊத்திக்கிட்டேன்,” என்றார்.

ஒன்பது கோப்பைகளை ஒரு தட்டில் வைத்து, சிந்தாமல் நடந்து, முகாயாமா தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது அங்கே இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் பின்னால் போய் நின்றார். நின்ற பிறகுதான், கழிப்பறைக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

“என்னங்க, நீங்க போய்ப் பேசணும்,” என்றாள் ஃபுமியே அன்று. அவள் சாதாரணமாக எதையும் கேட்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் வலி தாங்காதபோதுகூட, நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு கிடந்தவள். “மத்ததெல்லாம் போகட்டும். என் உடம்புக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அது நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. ஆனா எனக்கு இல்ல.”

முகாயாமா மறுநாளே கோட்டு போட்டுக்கொண்டு கழகத் தலைவரைப் பார்க்கப் போனார்.

அரிமோத்தோ முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். வந்தவரை எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். முகாயாமா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

“முகாயாமா சார், நாங்க யாருக்காக இருக்கோம்? ஊருக்காக. ஊர் யாருக்காக இருக்கு? இந்தக் கேள்வியை நான் தினமும் காலைல கேட்டுக்குவேன். பதில் எப்பவும் ஒண்ணுதான் வரும், எங்களுக்காகன்னு.” கண்ணைத் திறந்தார். “ஆட்டத்துல நாம பதினஞ்சாவது. அதைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ஊர் உறவுச் செயல்பாட்டுல நாமதான் நாட்டுலயே முதல். போன வருஷம் முந்நூத்திப் பத்து செயல்பாடு. இந்த வருஷம் இப்பவே பதினோராயிரம்!”

“பதினோராயிரமா?”

“ஒருத்தர் உங்க வீட்டுக்குள்ள வந்து போனா, அது ஒரு செயல்பாடு. எண்ணிட்டு வர்றோம். உங்க வீடு ஒண்ணுலயே தொள்ளாயிரத்துச் சொச்சம்.”

“நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எங்க வீட்டை மட்டும் எடுத்துடுங்க. அம்பத்தொம்பது இருக்கட்டும்.”

“அம்பத்தொம்பதா இருந்தா லைசென்ஸ் இல்ல சார். லைசென்ஸ் இல்லன்னா கனவு இல்ல. கனவு இல்லாத ஊருல சின்னப் பிள்ளைங்க எப்படி வளரும்? ‘யாராலடா போச்சு?’ன்னு அதுங்க கேட்டா, உங்க பேரைச் சொல்ல எனக்கு மனசு வருமா? வராது. ஆனா சொல்ல வேண்டி வரும்.” குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “உங்க மனைவியோட கஷ்டம் எங்களுக்குத் தெரியாம இல்ல. அதுக்குத்தான் அவங்களுக்கும் பாஸ் குடுத்திருக்கோம். மத்த ரசிகர்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை அவங்களுக்கும் உண்டு. வரிசையில நிக்கலாம். எங்க கழகத்துல யாரும் உசத்தி இல்ல, யாரும் தாழ்த்தி இல்ல.”

முகாயாமா “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று படிக்கட்டில் நின்று தன்னையே திட்டிக்கொண்டார். அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

நவம்பரில் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் தோகாஷி மறுபடியும் இனிப்புப் பெட்டியோடு வந்தார். இந்த ஆண்டின் ‘ஊர்த் தூண்’ விருது முகாயாமாவுக்கு. இடைவேளையில் மைதானத்தின் நடுவில் தருவார்கள். ஒலிவாங்கியில் ஒரு நிமிஷம் பேசலாம்.

“இதுதாங்க வழி,” என்றாள் ஃபுமியே. “ரெண்டாயிரம் பேர் முன்னாடி சொன்னா, கேக்காத மாதிரி இருக்க முடியாது. நீட்டி முழக்க வேணாம். ஒரே வாக்கியம்.”

இரண்டு வாரம் முகாயாமா அந்த ஒரே வாக்கியத்தைப் பயிற்சி வண்டியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாணவி பயந்துபோய் இரண்டு தடவை ஓரம் கட்டி நிறுத்தினாள்.

ஆட்ட நாள் வந்தது. பாதி ஆட்டத்தில் வெரோதா மூன்று கோல் வாங்கியிருந்தது. தாமரைக்கிழங்கு பொம்மை முகாயாமாவின் கையைப் பிடித்து நடுவட்டத்துக்கு அழைத்துப் போயிற்று. அரிமோத்தோ கேடயத்தைக் கொடுத்தார். ஒலிவாங்கியை நீட்டினார்கள். முகாயாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, குனியாமல் நேராக நின்று சொன்னார்.

“எங்க வீட்டு டாய்லெட்டைத் தயவுசெஞ்சு திருப்பிக் குடுங்க!”

மைதானம் அடங்கிப்போனது. காற்றில் கொடிகள் படபடப்பது மட்டும் கேட்டது. முகாயாமாவுக்கு ஒரு கணம், வாழ்க்கையில் ஒரு கணம், பிரேக் பிடித்துவிட்டது போல இருந்தது.

அப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆரவாரக் குழுவின் பெரிய மேளத்தில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

“திருப்பிக் குடு!”

தட், தட்.

“டாய்லெட்டை!”

தட், தட்.

அரை நிமிஷத்தில் அந்தப் பக்கம் முழுக்க எழுந்து நின்று துண்டைச் சுழற்றிப் பாடியது. ஒரு நிமிஷத்தில் மைதானமே பாடியது. வெளியூர் ரசிகர்களும் மரியாதைக்குச் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டில் வெரோதாவுக்கு இவ்வளவு சத்தம் எழுந்ததே இல்லை. தாமரைக்கிழங்கு முகாயாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தது. அரிமோத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

“இதுதான்! இந்தச் சிரிப்புதான், இந்த நெருக்கம்தான் நம்ம ஊரு! அடுத்த வருஷத் துண்டுல இதையே அச்சடிக்கிறோம்!”

“நான் சிரிக்கறதுக்குச் சொல்லலங்க,” என்று முகாயாமா சொன்னார். ஒலிவாங்கி அவர் கையில் இல்லை.

கேடயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே நடைவழியில் ஃபுமியே மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. மாற்றுப் பாவாடை கட்டியிருந்தாள். ஆட்ட நாளில் அந்த நேரத்தில் அந்த நடைவழி காலியாக இருந்து அவர் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு முன்னால எட்டுப் பேர்,” என்றாள், துடைப்பதை நிறுத்தாமல்.

“கேட்டிருந்தா விட்டிருப்பாங்களே ஃபுமியே. எல்லாம் நல்ல மனுஷங்க.”

“விட்டிருப்பாங்க. கேக்கத்தான் வாய் வரல. நம்ம வீட்டுக்கு வந்தவங்களைத் தள்ளி நில்லுன்னு எப்படிச் சொல்றது?” துணியைப் பிழிந்தாள். “ஆனதும் எட்டுப் பேரும் ஒரே நேரத்துல சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. ஒருத்தர்கூடப் பாக்கல. அப்புறம் சத்தமில்லாம ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. அவ்வளவு நல்லவங்க.”

அவள் அழவில்லை. முகாயாமாதான் அழுதார். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மேளமும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன.

“என்ன பாடுறாங்க?” என்றாள் ஃபுமியே.

“நான் சொன்னதைத்தான்.”

அவள் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள்.

டிசம்பரில் லைசென்ஸ் வந்தது. அணி பதினேழாவது இடத்தில் முடித்திருந்ததால் இரண்டாம் பிரிவுக்குப் போக முடியவில்லை. ஆனால் லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதுவரை அரங்கத்தின் வசதிகள் எதையும் குறைக்கக் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. கடிதத்தைப் படித்த அன்றே ஃபுமியே கடற்கரைப் பக்கம் நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் தன் அக்கா ஹருயேவுக்குத் தொலைபேசியில் பேசினாள். வசந்தகாலம் வந்து ஆட்டம் தொடங்கினால் அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று எண்ணம். முகாயாமா எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ரொம்ப நேரம் “ம்” கொட்டினாள். பிறகு போனை வைத்தாள்.

“வரச் சொன்னா. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் நெரிசலா இருக்குமாம்.”

“ஏன்?”

“அங்கயும் ஒரு கழகம் ஆரம்பிச்சிருக்காங்களாம். ஆட்டக்காரங்க குளிக்க இடம் பத்தலையாம். அக்கா வீட்டுக் குளியலறையை நேத்துத்தான் வந்து அளந்துட்டுப் போனாங்களாம். ரொம்ப மரியாதையான பசங்களாம்.”

முகாயாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“டாய்லெட்?”

“அது இன்னும் அக்காவோடதுதானாம்.”

“எத்தனாவது பிரிவு?”

“அஞ்சாவதாம்.”

முகாயாமா எழுந்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பயணப்பெட்டியை இறக்கி, தூசியைத் தட்டி, அவள் முன்னால் திறந்து வைத்தார்.

“வசந்தகாலம் வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே கிளம்பு,” என்றார். “அவங்க ஜெயிச்சு மேல வர்றதுக்குள்ள கொஞ்ச நாளாவது நிம்மதியா இரு.”